கலாநிதி சிவபாதசுந்தரத்தின் அளவீடுகள்

தலைவர் அவர்களே, கலாநிதி சிவபாதசுந்தரத்தின் துணைவியார் கௌரி அம்மையார் அவர்களே, வெள்ளவத்தையின் இந்தச் சிறு மண்டபத்தை நிறைத்திருக்கும் நண்பர்களே! வாசலருகே பெயர் சொல்லாமல் நிற்கும் இருவரே, உங்களுக்கும் வணக்கம். குறிப்பெடுப்பதானால் பிழையின்றி எடுங்கள்.

எதை ஆராய்ந்தார் எங்கள் கலாநிதி? உருகிய உலோகக் கலவையைக் கணத்தில் குளிரவைத்தால், அணுக்களுக்கு வரிசையாக அமர நேரமில்லை, குழம்பியபடியே உறைகின்றன. அதுவே உலோகக் கண்ணாடி; மெல்லிய நாடாவாகத்தான் அதை வார்ப்பார்கள். உறைந்தது உறைந்தபடியே இருக்குமா? இருக்காது! அணுக்கள் மெல்ல நகரும், இடைவெளிகள் அடைபடும். புதிதில் விரலில் சுற்றிய நாடா, வயதானதும் வளைத்தால் முறியும். அந்த நகர்வை அறிய, தொண்ணூற்று நான்கிலிருந்து மூன்று வருடம் மின்னுலைகளில் நாடாக்களைச் சூடாக்கி, மணியும் வெப்பநிலையும் மின்தடையும் கொப்பியில் எழுதினார்.

அந்த இலக்கங்களைத்தான் சங்கேதம் என்றார்கள்! ஆவணியில் பொலிசார் வந்து அவரையும் கொப்பியையும் கொண்டுபோனார்கள். காரணம், யாரோ பெயர் போடாமல் பொலிசுக்கு எழுதிய பெட்டிசம். அந்த முறைப்பாட்டைச் சிங்களத்தில் மொழிபெயர்க்க அழைக்கப்பட்ட எங்கள் ஆய்வுகூட உதவியாளர் மஷூர் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "சேர், மூணாவது உலையில என்ன வெக்கிறார் எண்டுகூட அதில இருக்கு. வெளி ஆளுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்? அவரைத் தவிர நால்வரே அந்த உலை அறைக்குள் போய் வந்தோம். நால்வரும் இன்று இங்கே இருக்கிறோம். ஓம், நானும் ஒருவன்.

பதினான்காம் நாள் அவரை விட்டார்கள். பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார்.

"கொப்பியைத் தந்தவங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை, சேர். ஆர் எழுதினதெண்டு நான் கண்டுபிடிக்கிறன்."

"வேண்டாம். ஆளையாள் சந்தேகப்பட்டா வேலை நிண்டுபோம். புதுசாத் தொடங்குங்கோ."

ஒன்பது நாளில் போய்விட்டார். மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். பதினான்கு நாள் என்ன நடந்தது என்று யார் எழுதினார்கள்?

அவர் சொல்லில் பாதியைத்தான் என்னால் காக்க முடிகிறது. மஷூரின் முகத்தைப் பார்க்கிறேன்; சந்தேகம் வருகிறது. அவரும் என்னை அப்படித்தான் பார்க்கிறார். மன்னியுங்கள், சேர்!

மற்றப் பாதியைக் காப்பேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புதிய நாடா, புதிய கொப்பி, முதலாவது அளவீடு. நால்வரும் வர வேண்டும். எழுதிக்கொடுத்தவரும் வர வேண்டும். எட்டு மணிக்குக் கௌரி அம்மையாரும் ஆய்வுகூட வாசலில் நிற்பார். அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொருவராக, நாங்கள் உள்ளே போவோம்.