தோல்விக்கு எழுதிய கட்டுரை

போட்டி முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறவன் இந்தத் தொழிலில் பிழைக்க முடியாது. விளையாட்டு இதழியல் வகுப்பில் முதல் வாரமே இதைச் சொல்லிவிடுவார்கள். ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று என்று இரண்டு கட்டுரைகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முடிவு தெரிந்ததும் விவரத்தை நிரப்பி அனுப்ப வேண்டியதுதான். தேஜஸ்வினிக்கும் அப்படித்தான் இரண்டு எழுதினேன்.

அவள் நிக்டி என்ற வடநாட்டு ஊரில் இருக்கும் தமிழ்ப் பெண். பத்தொன்பது வயது, ஐயாயிரம் மீட்டர் ஓடுவாள். என் டிப்ளமோவின் கடைசி வேலையாக மூன்று மாதம் அவள் பின்னாலேயே அலைந்தேன். ஓடும்போது பையை என்னிடம்தான் கொடுப்பாள். அவள் அம்மா சுஷ்மா எனக்கும் சேர்த்தே சாப்பாட்டு டப்பா கட்டி அனுப்புவார்.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லோரும் எங்காவது ஒட்டிக்கொண்டார்கள். நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. கோயம்புத்தூரில் அப்பா, மகன் டிவியில் சேர்ந்துவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வெறும் கையோடு அவர் முன்னால் போய் நிற்பதை நினைத்தால் சோறு இறங்காது. அவ்வளவு பயம் எனக்கு.

ஒரு விளையாட்டு இணையதளத்தில் சபரி என்று ஓர் ஆசிரியர். இரண்டு கட்டுரைகளையும் பொறுமையாகப் படித்தார்.

"ஜெயிச்ச கதை ஊர்ப்பட்டது இருக்கு, ஹர்ஷா. இந்தத் தோத்ததுதான் படிக்க வெக்குது. இது வந்தா திங்கக்கிழமையே நீ வேலைக்கு வந்துடலாம்."

அவரை நான் குறை சொல்லவில்லை. படித்ததும் தோன்றியதைச் சொன்னார். ஆனால் தேஜஸ்வினி தோற்கிற மாதிரித் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மாநில அணித் தேர்வு. பயிற்சியில் அவளை நெருங்க ஆளில்லை.

அவளுக்கு ஆஸ்துமா. ஓடுவதற்கு முன் மூச்சு மருந்து பம்ப்பை இரண்டு முறை இழுத்துக்கொள்வாள். அன்றைக்குப் பையைக் குடைந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, பம்ப் பாத்தியா? பையிலதான் வெச்சேன் நா."

"வீட்டுல மறந்திருப்ப. இன்னிக்குக் குளிரே இல்ல, ஒண்ணும் ஆகாது. போ."

நம்பிப் போனாள். நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அவளோடு எனக்கென்ன விரோதம்.

பதினோராவது சுற்று வரை அவள்தான் முன்னால். அப்புறம் தள்ளாடி, பக்கத்துப் புல்லில் உட்கார்ந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினாள். பம்ப் யாரிடம் இருக்கிறது என்று பயிற்சியாளர் இந்தியில் கேட்டுக்கொண்டே ஓடிவந்தார். அது என் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. என் கையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது.

அப்போதாவது கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கை பாக்கெட் வரைக்கும் போனது. ஆனால் களத்தில் நடப்பதில் செய்தியாளன் தலையிடக் கூடாது. அந்த ஒழுங்கை மட்டும் நான் கடைசிவரை மீறவில்லை.