தொங்கின நூல்

கப்பல்ல வந்த சாமான்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கிக்கிடணுமா வே? நீரே சொல்லும்... ஆங், வாயில குண்டூசி இருக்கு, பேசாண்டாம். தையும், தையும். தலைய ஆட்டுனாப் போதும்.

நாலு மணிக்குக் கோயில்ல கல்யாணம். இப்பமே ரெண்டரை. மாப்பிள்ள எஸ்றா சூட்டு போட்டுக்கிட்டு, கழுத்துல ஒண்ணுமில்லாம உக்காந்திருக்கான். என் தங்கச்சி ஞானபாக்கியத்துக்கு ஒரே மகன். தாய்மாமன் நான் பந்திக்கு எல பாக்காண்டாமா? கிழிஞ்ச டையத் தூக்கிக்கிட்டு டெய்லர் வேதமணி கடையில நிக்கேன். எல்லாம் பொண்ணு வீட்டு டை பண்ணுன வேல. பொண்ணுக்கு அண்ணன் செல்வதுரை, சாயர்புரத்துக்காரன், கப்பல்ல வேல. இத்தாலியில வாங்குன சுத்தப்பட்டுன்னு மாப்பிள்ளைக்குக் குடுத்துவிட்டான்.

சுத்தப்பட்டா இல்லியான்னு இந்தப் பொன்னுதுரைகிட்டல்லா கேக்கணும்? இருவத்தெட்டு வருசம் ஜவுளிக்கடையில நின்ன காலு இது. ஸ்ரீவைகுண்டத்து அம்மா ஒருத்தி பட்டுச்சீலன்னு ஒண்ணு கொண்டாந்தா. கைய வச்சதுமே போலின்னு சொல்லிட்டேன். கடையிலயே அழுதுட்டா பாவம். அன்னையிலருந்து எங்க குடும்பத்துல துணின்னா எம்பேச்சுதான்... சரி, அது கெடக்கட்டும்.

டையக் கையில வாங்குனேன். வீடு நெறயச் சனம். உள்ளங்கையில வச்சுக் கசக்கி விட்டேன், சுருக்கமில்லாம விரிஞ்சுது. சின்ன நுனியப் பிடிச்சுத் தொங்கவிட்டேன், முறுக்கிக்கிடல. துணியக் கோணவாட்டுல, கிராஸ்ல வெட்டித் தச்சிருக்கான், சரிதான்னு திருப்பிப் பாத்தா, பின்னால ஒரு நூலு தொங்குது வே. கடையில நூலு தொங்குனா எனக்குப் பொறுக்காது, பல்லால கடிச்சு இழுத்துட்டுத்தான் துணிய மடிப்பேன். கையி சும்மா இருக்குமா? இழுத்தேன். வருது... வந்துக்கிட்டே இருக்கு. சீலா மீனக் கீறி வச்ச மாதிரி டை வாயப் பொளந்துட்டு. உள்ள வச்ச கம்பளித்துணி வெளிய வந்துட்டு.

அத்தன பேரும் எம்மொகத்தப் பாக்காவ. நான் என்னத்தச் சொல்ல? 'இது நைலான், செல்வதுரை ஏமாந்துட்டான்'னு சொல்லிட்டேன். ஞானபாக்கியம் அழுத அழுகைய நீரு பாக்கணும். பொண்ணு வீட்டுக்காரவ வந்து பதில் சொல்லாம மாப்பிள்ள கோயிலுக்கு வரமாட்டான்னு ஆளனுப்பிட்டா. நைலானக் குடுத்தவியகிட்ட அப்படித்தானே கேக்கணும்?

தீப்பெட்டிய ஏன் எடுக்கேரு? நூலக் கொளுத்திப் பாக்கவா? வேண்டாம் வே... வச்சிரும்.

டைத் துணியிலயே ஒரு இழைய உருவி நான் கொளுத்திப் பாத்துட்டேன். வீட்டுக்குப் பொறத்தால நின்னு, ஒருத்தருக்கும் தெரியாம. நைலான்னா உருகி உருண்டையாவும்னு காத்துக்கிட்டு நின்னேன். முடி கருகுன வாட அடிச்சுது. சாம்பல் வெரல்ல பொடிஞ்சு போச்சு. பட்டுதான் வே. நல்ல பட்டு.

இதென்ன, வேற யாரு டையோ திருப்பிக் காட்டுதேரு? துறைமுகத்து ஆபீசரோடதா? இதுலயும் நூலு தொங்குது... ஓகோ, கழுத்துல இழுத்துக் கட்டும்போது தையல் இளகிக் குடுக்கணும்னு வேணும்னே விடுதானா. கையால தச்ச ஒசந்த டையிலதான் அது இருக்குமாக்கும். இருவத்தெட்டு வருசத்துல டை எங்க வே வித்தோம்? வேட்டியும் சீலையும்தான்.

முடிச்சிட்டேரா? புண்ணியமாப் போவும், குடும்... குடும்ங்கேன். நீரு எதுக்குக் கெளம்புதேரு? ஞானபாக்கியத்துக்கிட்ட நீரு போயிச் சொல்லப்போறேராக்கும். சொன்னா நம்புவாளா அவ? துணி விசயத்துல எம்பேச்ச மட்டுந்தான் நம்புவா. அண்ணன் நான் நைலான்னு சொல்லிட்டா அவளுக்கு நைலான்தான்.

அதான் வே சங்கடமே. எத்தன பேரு முன்னால நைலான்னு சொன்னேனோ, அத்தன பேரு முன்னாலயும் நாந்தான் சொல்லணும். கூசுது... என்ன செய்ய. வேதமணி, இரும் வே, செருப்பப் போட்டுக்கிட்டு வாரேன். நீரும் பழையபடி தொங்கவிட்டிருக்கேரே, அந்த நூல மட்டும் எங்கண்ணுல படாம மடிச்சுக் கொண்டு வாரும். இப்பவும் கையி பரபரங்குது.