போளியின் ஏகாதசி

கொத்தமல்லியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று முதல் நாளே சொன்னீர்கள், டாக்டர். அதை நான் ஒருநாளும் மீறியதில்லை. எங்கள் வீட்டு ரசத்தில் விழுகிற கொத்தமல்லிக்குக்கூட அந்த மரியாதை கிடைத்தது கிடையாது.

நேற்று போனில் கேட்டீர்கள். "போளியோட வயிறு சுத்தமா காலியா இருந்துச்சும்மா. ரெண்டு நாளா ஒண்ணுமே உள்ள போகல. சங்கரிகிட்ட இன்னும் சொல்லல. யார் ஊட்டினாங்க?" என்று. போனில் சொல்லி முடிக்கிற சமாசாரம் இல்லை. அதனால்தான் புதுப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்கே வந்துவிட்டேன். வெளியே நாய்க்குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

போளி என்று பேர் வைத்தது என் மகள் சங்கரி. தோசைக்கல்லில் போட்டு எடுத்த மாதிரி உடம்பில் அங்கங்கே பழுப்பு. கினிப் பன்றி என்று சொன்னால் எங்கள் அபார்ட்மெண்டில் மூக்கைச் சுளித்தார்கள். எங்களைப் போன்ற குடித்தனத்தில் பன்றியா என்று கேட்டார்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து பாத்திரம் தேய்க்க வருகிற கன்னியம்மா கடைசி வரைக்கும் எலி என்றுதான் சொன்னாள்.

என் கணவர் சுப்புராமன் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு சங்கரி புனேயிலிருந்து போளியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீஸில் விட்டிருந்தார்கள். எனக்கு அது பழகிவிட்டது. பிறகு, எல்லோரும் ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும் என்று கடிதம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் போளிக்குக் கடைவாய்ப் பல் வளர்ந்து, தின்ன முடியாமல் போயிற்று.

நீங்கள் பல்லைத் தேய்த்துச் சரிசெய்தீர்கள். சத்துமாவைத் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து ஊட்டச் சொன்னீர்கள். வயிறு காலியாக இருக்கவே கூடாது, தினமும் எடை பாருங்கள், ஒரு கிலோவைத் தாண்டிவிட்டால் காரில் வைத்துப் புனேக்குக் கொண்டுபோகலாம் என்றீர்கள். உங்கள் மேல் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஒரு கிலோவை நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சங்கரிக்குச் சிரிஞ்சு பிடிக்க வரவில்லை. முதல் நாளே மூக்கில் ஏற்றிவிட்டு அழுதாள். அதனால் ஊட்டுவது என் பொறுப்பு, காலையில் எடை போடுவது அவள் பொறுப்பு என்று ஆயிற்று. சமையலறைத் தராசில் எவர்சில்வர் பேசினை வைத்து, அதற்குள் போளியை வைப்பாள். அது பேசினில் தெரிகிற தன் முகத்தையே முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் நன்றாகத்தான் ஊட்டினேன். நம்புங்கள். கொய்யா, குடைமிளகாய், பிள்ளையாருக்கு வாங்குகிற அருகம்புல் எல்லாம் கொடுத்தேன். எடை ஏறிக்கொண்டே வந்தது.

அப்புறம் ஏகாதசி வந்தது. அன்று நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். அடுப்பு மூட்டாத நாள், பூஜையும் படுக்கையுமாகப் போய்விட்டது. போளியை மறந்தே போனேன். மறந்ததுதான், சத்தியமாக. மறுநாள் காலையில் சங்கரி தராசைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, இப்படி எறங்கிடுத்து?" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, புனேக்குப் போன் போட்டு, இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று கேட்டாள். கொடுத்தார்கள். அன்று மத்தியானம் என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். அவள் கல்லூரிக்குப் போன பிறகு அப்படிப் படுத்ததே இல்லை.

மாதத்துக்கு இரண்டு ஏகாதசிதான் வருகிறது. அது போதவில்லை.

பேராசைப்படவில்லை. எடை ஒரு கிலோவை நெருங்கினால் ஒரு நாள் நிறுத்துவேன். ரொம்ப இறங்கிவிட்டால் மறுபடி வயிறார ஊட்டுவேன். குழம்பைச் சிம்மில் வைத்திருப்பது மாதிரி, பொங்கவும் விடக் கூடாது, ஆறவும் விடக் கூடாது. அதற்கும் ஒரு கவனம் வேண்டியிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தால் போளி வீல் வீல் என்று கத்தும். சங்கரி ஏசி ரூமில் ஹெட்போனோடு இருப்பாள், அவளுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது. டிவியில் பக்திச் சேனலைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

கரைத்த மாவை வீணாக்காமல் பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவந்தேன். ஒருநாள் கன்னியம்மா துடைப்பத்தோடு பின்னால் வந்து நின்றாள்.

"இன்னா மாமி, எலிக்குக் கரைச்சத செடிக்கு ஊத்திகினு கீறீங்க? அது அங்க பசில கத்திகினு கீதே."

கெட்டுப்போய்விட்டது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலமே சங்கரியிடம், கன்னியம்மா போளிக்கு முறுக்கு போட்டதைப் பார்த்தேன் என்று சொன்னேன். சங்கரி அதற்கு முன்னால் யாரையும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கன்னியம்மா தேய்த்த பாத்திரங்களைக் கவிழ்த்துவைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, "பாப்பாக்குத் தெரியாது. உங்குளுக்குத் தெரியும் மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் பாத்திரத்தை நானே தேய்க்கிறேன். இடுப்பு விட்டுப்போகிறது.

போன வாரம் ஆபீஸில் கடைசித் தேதி சொல்லிவிட்டார்கள். அன்று எடையும் ஒரு கிலோவுக்கு நூலளவுதான் குறைவு. "ஏறிடும்மா, இனிமே ஏறிடும்" என்று சங்கரி எனக்கு முத்தம் கொடுத்தாள். கார் சொல்லிவிட்டாள். பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். தனியாக இருப்பதற்கு எனக்குப் பயம், டாக்டர். சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லாத வீட்டில் ஒருத்தி எதற்காகச் சமைக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

அதனால் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் நிறுத்தினேன். வழக்கமில்லாத வழக்கம்தான். அதில் இரண்டாவது நாள் நிஜமான ஏகாதசி. அன்று நானும் சாப்பிடவில்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறதில்லையா.

மறுநாள் காலையில் பேசினுக்குள் வைத்தபோது அது முகர்ந்து பார்க்கவில்லை. சாய்ந்து படுத்துக்கொண்டது. சங்கரி துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள், உங்களுக்குத் தெரியும். வண்டி திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. எதற்காகப் போயிற்று என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று அவள்தான் உங்களை அறுத்துப் பார்க்கச் சொன்னாள்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். ஊட்டினதும் நான்தான், ஊட்டாமல் கொன்றதும் நான்தான்.

சங்கரியிடம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவள் வேறு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். "நான் கெளம்பறேன்னு தெரிஞ்சுண்டு ஏங்கிப் போயிடுத்தும்மா, பெட்டிய எடுத்தது அதுக்குத் தெரிஞ்சுடுத்து" என்று அழுகிறாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தேன். பெட்டியை அவளே பரண் மேல் ஏற்றிவிட்டாள்.

சோறு இறங்கவில்லை அவளுக்கு. கன்னத்தில் எலும்பு தெரிகிறது. புனேயில் நல்ல மனுஷர்கள்போல, உடம்பு தேறி வரட்டும் என்று மாதக் கடைசி வரைக்கும் அவள் வேலையை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் கையால் கொடுத்தால்தான் வாயைத் திறக்கிறாள். நேற்று அவளாகவே, "பசிக்கறதும்மா" என்றாள். காதில் விழாத மாதிரி டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீங்கள் கவலைப்படாதீர்கள், டாக்டர், அவளைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். மாதம் முடிகிற வரைக்கும் கஞ்சித் தெளிவே போதும். அதற்கப்புறம் அவள் ஆசைப்பட்டதையெல்லாம் சமைத்துப் போடுவேன்.