பூஜையில் மாட்டிக்கொண்ட வேப்

...அதத்தான் சார் நானும் சொல்றேன், பத்து மணிக்குத் தொறக்கிறவன் ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி தொறந்தா என்ன குடியா முழுகிடும்? உள்ள லைட் எரியுது. ஆள் நடமாட்டமும் இருக்கு. எட்டிப் பாக்கலாம்னா கண்ணாடி பூரா வெள்ளத் தாள ஒட்டி வச்சிருக்கான், உள்ள என்னமோ கள்ள நோட்டு அடிக்கிற மாதிரி. வெளிய நிக்கிறவன் காத்துல பறக்கணும். அக்டோபர் மாசம், இந்த ஊருல வசந்த காலம்னு பேரு... வசந்தமாம் வசந்தம்! காதுக்குள்ள ஐஸ் வைக்குது.

நீங்களும் வேப், அதான் இந்த பேட்டரி சிகரெட், வாங்கத்தானே? சிகரெட்ட விடுறதுக்கா? ஓம்ங்கிறீங்க... யாழ்ப்பாணமா? அதானே பாத்தேன். மொத தடவையா? அடடா! சார், ஆண்டவன் உங்கள சரியான எடத்துலதான் கொண்டாந்து நிறுத்தியிருக்கான். என் பேரு வரதராஜன். இந்த த்ரீ கிங்ஸ் ஏரியாவுல மட்டும் இல்ல, ஆக்லாந்துலயே இந்தச் சனியனப் பத்தி என்ன விட அனுபவிச்சவன் ஒருத்தன் இருந்தா காட்டுங்க. மூணு நாள்ல ரெண்டு வாங்கிட்டேன். இன்னிக்கு வாங்கினா அது மூணாவது... இல்ல, நாலாவது. மொதல்ல வாங்கினது பூஜையில மாட்டிக்கிச்சு, அத விட்டுட்டேன் பாருங்க.

இருங்க இருங்க, நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். எது வாங்கலாம்? அதானே? சொல்றேன். தூக்கிப் போடுற ரகம் இப்ப விக்கவே கூடாதுன்னுட்டாங்க, அத மறந்துடுங்க. நமக்கு வேணுங்கிறது என்ன? சின்னதா இருக்கணும். சட்டப்பையில போட்டா துருத்தக் கூடாது. நாமளே அந்த நிகோடின் ஜூஸ ஊத்திக்கிற மாதிரி இருக்கணும். அந்த ஜூஸ் ஊத்துற குட்டி டப்பா இருக்கே, பாட்னு சொல்வாங்க, அது போனா அது மட்டும் மாத்திக்கலாம். பட்டன் இருக்கவே கூடாது. இழுத்தா வரணும், விட்டா நிக்கணும். மொதல்ல நான் வாங்கினது அப்படித்தான். கறுப்பா, கட்டவிரல் நீளம். பாக்குறவன் பென்டிரைவ்னுதான் நெனப்பான். தங்கம் சார், தங்கம்! அது கையில இருந்த வரைக்கும் எனக்கு ஒரு கவல கெடையாது.

அது எப்படி பூஜைக்குப் போச்சுன்னா கேக்குறீங்க? கேக்கலயா? பரவால்ல, சொல்றேன்.

இருவத்தெட்டு வருஷம் சிகரெட் சார். நாளைக்குப் பதினஞ்சு. போன மார்ச்சுல ஒரு நாள் எங்க வீட்டு ஏத்தத்துல காய்கறிப் பையத் தூக்கிட்டு வர்றேன், பாதி வழியில நின்னுட்டேன். மூச்சு வரல. ஸ்வர்ணா, என் சம்சாரம், ஜன்னல்லேர்ந்து பாத்துட்டா. ஞாயித்துக்கெழம கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, தீபாராதன நடக்கறப்ப என் கையப் புடிச்சு, "இனிமே ஊத மாட்டேன்னு சொல்லுங்க"ன்னா. சொல்லிட்டேன். கற்பூரம் எரியறப்ப என்ன சார் பண்றது, சொல்லித்தானே ஆகணும்?

நாலு நாள் தாக்குப் புடிச்சேன். அஞ்சாம் நாள் இந்தக் கடைக்கு வந்துட்டேன். ஆனா ஒண்ணு சார், அன்னையிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் சிகரெட்ட விரலால கூட தொடல. அது சத்தியம். அவகிட்ட அப்பவே சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. சொல்லலாம்னுதான் வீட்டுக்குப் போனேன். அவ பையப் பாத்துட்டு, "என்னங்க அது?"ன்னா. வாயி இருக்கே வாயி... "ஆஃபீஸ் சாவி. இது இல்லாட்டி கம்ப்யூட்டர் தொறக்காது"ன்னுடுச்சு.

நம்பிட்டா சார். "தொலச்சுடாதீங்க"ன்னு சொல்லி, ப்ளவுஸ் பிட்டுல ஒரு சுருக்குப் பை தச்சுக் குடுத்தா. பச்சக் கலர். அதுலதான் வச்சுக்கறேன்.

அதோட விட்டாளா? ஊரெல்லாம் சொல்லிட்டா. "எங்க வீட்டுக்காரர் மருந்து இல்ல, மாத்திர இல்ல, மனச வச்சே விட்டுட்டாரு"ன்னு. இப்ப யார் வீட்டுல யார் சிகரெட்ட விடலன்னாலும் எங்க வீட்டுக்கு அனுப்பி வச்சுடறாங்க. போன மாசம் செல்வராஜ்னு ஒருத்தர் கிளென்ஃபீல்ட்லேர்ந்து பாலம் தாண்டி வந்தாரு, பாவம். நான் சோபாவுல சாஞ்சு ஒக்காந்துட்டு, "எல்லாம் மனசுதான் சார், மனச அடக்கினா போதும்"னு ஒரு மணி நேரம் உபதேசம். அவர் கண்ணு கலங்கிப் போச்சு. அவரக் காருல ஏத்தி அனுப்பிட்டு நேரா கராஜுக்குப் போனேன்... ஆறு இழுப்பு.

சிரிக்காதீங்க சார். அதெல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. புதன்கிழம சரஸ்வதி பூஜ வந்துச்சு பாருங்க, அங்க புடிச்சது சனி.

எங்க வீட்டுல வழக்கம் என்னன்னா, பொழப்புக்கு ஒதவுற சாமான் எல்லாத்தையும் பூஜையில வைக்கணும். எம் பொண்ணு ஸ்ருதியோட புஸ்தகம், ஸ்வர்ணாவோட தையல் மிஷின், கார் சாவி, லேப்டாப்பு. நான் குளிச்சிட்டு வந்து பாக்குறேன்... சரஸ்வதி படத்துக்கு நேர் முன்னாடி, லேப்டாப்பு மேல, என்னோட வேப்! சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, ஒரு கண்ணி மல்லிப்பூவும் வச்சிருக்கா. "இது எதுக்கு இங்க?"ன்னேன். "உங்க பொழப்பே அதுலதானே இருக்கு"ங்கிறா.

பூஜையில வச்சத மறுநாள் விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது, தெரியுமில்ல? சரி, ஒரு நாள்தானே, பல்லக் கடிச்சுக்கலாம்னு பாத்தேன். "வியாழக்கிழம யாருக்கும் லீவு இல்ல, எல்லாரையும் கூப்பிடணும், அதனால சனிக்கிழம சாயங்காலம்தான் பூஜையக் கலைக்கிறோம்"னுட்டா! பஞ்சாங்கத்தையே லீவு பாத்து மாத்துற ஊரு சார் இது. மூணு நாள்! லேப்டாப்ப மட்டும் ஆஃபீஸுக்குன்னு விசேஷ அனுமதி வாங்கி எடுத்துட்டேன். "சாவி வேண்டாமா?"ன்னா. வேணும்னு சொல்லியிருக்கலாம்ல? மூளைக்கு வரல. "ஆஃபீஸ்ல இன்னொரு சாவி இருக்கு"ன்னுட்டேன். இந்த வாய வச்சுக்கிட்டு நான் என்னதான் சார் பண்றது?

வியாழக்கிழம மத்தியானம் தாங்கல. ஆஃபீஸ் பக்கத்துக் கடையில போயி, வேற ஒண்ணு வாங்கினேன். விக்கிறவன் "இது ரொம்ப நாள் சார்ஜ் நிக்கும்"னான். நிக்கும், ஏன் நிக்காது? டார்ச் லைட் சைஸு! அதுல பட்டன் வேற. மீட்டிங்ல எல்லாரும் அமைதியா ஒக்காந்திருக்கறப்ப, என் சட்டப்பை செவப்பா கண்ணடிக்குது. மேனேஜர் கிட்ட வந்து, "ராஜன், ஆர் யூ ஓகே?"ங்கிறா. நெஞ்சுல ஏதோ மிஷின் வச்சிருக்கேன்னு நெனச்சுட்டா. நானும் ஓகேன்னு தலைய ஆட்டிட்டேன். இப்ப ஆஃபீஸ்ல என்னய லிஃப்ட்ல மொதல்ல ஏத்தி விடறாங்க.

வெள்ளிக்கிழம மவுண்ட் வெல்லிங்டன்ல இன்னொண்ணு. அங்க என்ன கூத்துன்னா, என்கிட்ட வயசு தெரிய அட்டையக் கேக்கறான்! பதினெட்டு ஆச்சான்னு! என் தலையப் பாருங்க சார், எங்கயாவது ஒரு கறுப்பு முடி தெரியுதா? சரின்னு காட்டி வாங்கினேன். அழகான சாமான். சின்னது. பட்டன் இல்ல. காருல ஒக்காந்து ஜூஸ ஊத்தி ஒரு இழுப்பு இழுத்தேன்... தீஞ்ச அப்பளம்! தொண்ட கமறிப் போச்சு. திரும்பப் போயி சண்ட போட்டேன். "ஊத்தினதும் பத்து நிமிஷம் ஊற விடணும்னு சொன்னேனே சார்"ங்கிறான். சொன்னான்தான். ரெண்டு நாளா ஒழுங்கா இழுக்காமக் காஞ்சு கெடக்கிறவன்கிட்ட பத்து நிமிஷம் பொறுன்னா, பொறுப்பானா? அப்புறம் பாத்தா வழிய வழிய வேற ஊத்தியிருக்கேன். கோடு வரைக்கும்தான் ஊத்தணுமாம். சட்டையெல்லாம் ஒழுகி பெர்ரி வாசன. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சட்டைய வழியில ஏதாவது ஓடையில அலசிடலாமான்னு யோசிச்சேன்னா பாத்துக்கங்க.

ஆக, நான் சொல்றது என்னன்னா... இருங்க சார், கையில இருக்கிற போன அப்புறம் பாக்கலாம், முக்கியமான எடத்துக்கு வந்திருக்கேன். எனக்கு இப்ப பிரச்சன வேப்பு இல்ல. இன்னிக்கு சாயங்காலம்தான் பிரச்சன. பூஜையக் கலைக்கிறப்ப அவங்கவங்க சாமான எடுத்து, கொஞ்சமாவது அதுல வேல செய்யணும். படிக்கிறவங்க படிக்கணும், தைக்கிறவங்க ஒரு தையலாவது போடணும். ஸ்வர்ணா நேத்து சொல்றா, "நீங்க அந்தச் சாவியப் போட்டு கம்ப்யூட்டரத் தொறந்து காட்டணும்"னு. இருவத்தஞ்சு பேரு வர்றாங்க சார்! அந்த செல்வராஜ் வேற குடும்பத்தோட வர்றாரு! பெரியவங்கள விடுங்க, ஏமாத்திடலாம். இங்க பொறந்து வளந்த புள்ளைங்க வருமே? அதுங்களுக்குத் தெரியாத வேப்பா? "அங்கிள், தட்ஸ் எ வேப்"னு ஒண்ணு கத்தினா போதும்... ஸ்வர்ணா மூஞ்சிய என்னால பாக்க முடியாது. திட்டினா தாங்கிக்குவேன். அவ திட்ட மாட்டா. பேசாம போயி அடுப்படியில நின்னுக்குவா. ஏழு மாசமா எனக்காகப் பெருமப்பட்டுக்கிட்டுத் திரிஞ்சவ சார். அதான் பயமா இருக்கு.

ஒரு யோசன இருக்கு. நீங்க மனசு வச்சா நடக்கும். நீங்களும் சாயங்காலம் வாங்க. சுண்டல் உண்டு, சக்கரப் பொங்கல் உண்டு. என்னோட ஆஃபீஸ்ல வேல பாக்குறவர்னு சொல்லிடறேன். "எங்க எல்லார்கிட்டயும் இதே சாவிதான்"னு ஒரே ஒரு வார்த்த சொன்னீங்கன்னா... என்ன சார் தலையில கை வைக்கிறீங்க? சின்னப் பொய்தானே? எதுக்கு இப்ப போன நீட்டுறீங்க? கண்ணாடி போடாம தெரியாதே... இருங்க.

"கண்மணி அக்கா, அண்ணாவ சனிக்கிழம பத்து மணிக்கு த்ரீ கிங்ஸ் கடைக்கு அனுப்புங்க."

கண்மணி யாரு? உங்க சம்சாரமா? அப்ப அண்ணாங்கிறது நீங்க... சரி.

"சனிக்கிழம ஆனா எங்க வீட்டுக்காரர் வாசல்ல நிப்பார். எது நல்லதுன்னு அவருக்குத் தெரியும். கேக்காமலே சொல்லுவார். நான் அனுப்பினேன்னு மட்டும் அண்ணா சொல்ல வேண்டாம்."

...

ஸ்வர்ணா.

இது... இது எப்ப வந்தது? செவ்வாக்கிழமயா? பூஜைக்கு மொத நாளா? அப்ப தெரிஞ்சுதான் வச்சிருக்கா! சனிக்கிழம ஆனா வாசல்ல நிப்பாராமே... வாரா வாரம் ஜூஸ் வாங்க நான் காய்கறி வாங்கப் போறேன்னு சொல்லிட்டுத்தானே சார் வருவேன்? ஏங்க, சொல்ல வேண்டாம்னு போட்டிருக்கே, ஏன் காட்டினீங்க? ஆமா... ஆமா, என்னையும் பொய் சொல்லச் சொன்னா மனுஷன் வேற என்ன பண்ணுவான். உங்க மேல தப்பில்ல. குலசிங்கமா உங்க பேரு? உங்க பேரக் கூட நான் கேக்கல பாருங்க.

வெக்கமா இருக்கு சார். ஒரே ஒரு நிமிஷம். போன் பண்ணிக்கறேன்.

ஹலோ... ஸ்வர்ணா... ம், நான்தான். காய் வாங்கிட்டேன். இல்ல, வாங்கல. நான் காய்கறிக் கடையிலேயே இல்ல. ஒண்ணு சொல்லணும். நீ பூஜையில வச்சியே ஆஃபீஸ் சாவி... அது ஆஃபீஸ் சாவி இல்ல. அது... அது வேப். ...ஆமா. ...ஆமா, அப்பலேர்ந்தே. சிகரெட் தொடல, அது மட்டும் நெசம். ஹலோ? இருக்கியா? ...அழுவுறியா? சிரிக்கிறியா? ...சிரிக்கிறியாடி?

சரி... சரி, சாயங்காலம் அந்த செல்வராஜ்கிட்ட நானே சொல்லிடறேன். மனசால மட்டும் விடலன்னு சொல்றேன். பாவம், ஒரு மாசமா மனச அடக்கிக்கிட்டு இருக்காரு மனுஷன்.

என்னது? பாட்டில் மேல போட்டிருக்கிற நம்பரா? நிகோடின் எவ்வளவுன்னா... இருவத்தெட்டு. ...இன்னிக்குலேர்ந்து பத்தா? விஜயதசமியில ஆரம்பிச்சா நிலைக்கும்ங்கிறியா? ...அப்புறம் அஞ்சு, அப்புறம் வெறும் வாசனையா? அடியே, இந்த நம்பரெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? ...இந்தக் கடைக்கா? நீயா? எப்ப வந்த? ...உங்கிட்டயும் வயசு கேட்டாங்களா! ...ம். ...ம். ...ஒழுகாததாப் பாத்து, நாலு கடை ஏறி விசாரிச்சியா?

சரி வை. வை... அப்புறம் பேசறேன், வை.

குலசிங்கம் சார், கதவத் தொறந்துட்டான், போங்க. எது வாங்கலாம்னு கேட்டீங்கல்ல? உள்ள ஸ்வர்ணாங்கிற பேர்ல ஒண்ணு எடுத்து வச்சிருக்காங்களாம், காசும் குடுத்தாச்சாம். அதே மாதிரி உங்களுக்கும் ஒண்ணு கேளுங்க. நான் ஒரு நிமிஷம் கழிச்சு வர்றேன். இந்தக் கண்ணாடிய தொடச்சுக்கறேன், மழ சாரல் பட்டுடுச்சு.

மழையெல்லாம் இல்ல சார். நீங்க போங்க.