கணீர்னு கேக்குது, தாயி!

பின்னாடி கேக்குதா?... எல்லாரும் தலையாட்டுறீங்க. சரி, நம்புறேன். வானொலி நேயர் மன்றத்து ஆட்களாச்சே! ஆனா இந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்கு ஒரு கதை ஞாபகம் வருது. சின்னதுதான், சட்டுனு சொல்லிடுறேன்.

பேச்சித்துரை அண்ணாச்சின்னு ஒருத்தர். ரேடியோ பைத்தியம். வால்வு ரேடியோ சூடாகுற வரைக்கும் அது முன்னாடி உக்காந்து காத்திருந்த காலத்துல ஆரம்பிச்சவர். அப்புறம் டிரான்சிஸ்டர், சிற்றலை, எஃப்.எம்... எதையும் விடலை. அவர் ஊருக்குப் பக்கத்துல ஒரு சின்ன சமுதாய வானொலி. அங்கே இன்ஜினியர், ரெஜினா. அண்ணாச்சி தினமும் காலையில அவங்களுக்குப் போன் போடுவார்.

"தாயி! நிகழ்ச்சி பிரமாதம். கணீர்னு கேக்குது!"

அந்த ஊருல இருந்து வர்ற ஒரே போன் அதுதான். சிக்னல் நல்லாப் போகுதுன்னு ரெஜினாவும் நிம்மதியா இருந்தாங்க.

ஒருநாள் காலையில டிரான்ஸ்மிட்டர் படுத்துடுச்சு. ஒலிபரப்பே கிடையாது. ரெஜினா கையில ஸ்க்ரூ டிரைவரோட நிக்கிறாங்க... போன் வருது.

"தாயி! இன்னைக்கும் கணீர்னு கேக்குது!"

"என்ன கேக்குது அண்ணாச்சி?"

"பாட்டுதான்."

"என்ன பாட்டு?"

"அது... நல்ல பாட்டு தாயி!"

"அண்ணாச்சி, நாங்க இன்னும் ஆன் பண்ணவே இல்லையே!"

அண்ணாச்சி குரலை இறக்கிச் சொல்றார்: "போன மாசம் பெருங்காத்து அடிச்சதுல இருந்து இங்க வெறும் இரைச்சல்தான் தாயி. எனக்குப் பிடிச்ச ஸ்டேஷனை எல்லாம் ஒவ்வொண்ணா மூடிட்டாங்க. கேக்க ஆளில்லைன்னு சொல்லித்தான் மூடுனாங்க. கேக்கலைன்னு நானும் சொன்னா, இதையும் மூடிருவீங்களோன்னு..."

"நல்ல ஆளு நீங்க! கேக்கலைன்னு சொன்னாத்தானே நான் சரி பண்ணுவேன்?"

டிரான்ஸ்மிட்டரைச் சரி பண்ணின கையோட, டவர்ல ஆளை ஏத்திப் பார்த்தாங்க. ஆன்டனா அந்த ஊருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது! திருப்பி வச்சாங்க. மறுநாள் போன். அண்ணாச்சி என்ன சொன்னார் தெரியுமா?

"தாயி, இப்ப நல்லாத்தான் கேக்கு. ஆனா அந்தச் செய்தி வாசிக்கிற பய முழுங்கி முழுங்கி வாசிக்கான். முதல்ல அவனை மாத்து!"

நேயர்களே, நேராவே கேக்குறேன். இரைச்சலைக் கேட்டுக்கிட்டு "பிரமாதம்"னு போன் போட்டா, நிலையம் பிழைச்சிடுமா? உங்க வீட்டு ரேடியோவுல என்ன கேக்குதுன்னு நிலையத்துல இருக்குற எங்க மீட்டருக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும். வானொலி பிடிக்கும்ல? பிடிக்கும்னா திட்டுங்க. தாராளமாத் திட்டுங்க.

இப்போ மறுபடி கேக்குறேன்... பின்னாடி கேக்குதா? அந்தக் கடைசி வரிசை அக்கா கையை ஆட்டுறாங்க. என்னக்கா... பாதிதான் கேக்குதா? சபாஷ்! இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?

யாருப்பா அங்கே... அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் அவங்க பக்கம் திருப்புங்க!