இருநூற்றுப் பதினேழாம் எண்ணில் ஓடிய இருவர்

பனி இறங்கும் இந்தப் பிற்பகலுக்குத் தலைமை தாங்கும் மலையோட்டக் குழுவின் தலைவர், பெருமதிப்பிற்குரிய ஐயா ஜேசுதாஸ் அவர்களே. மேடையை அழகு செய்யும் ஆன்றோர்களே, அருட்பணியாளர்களே. காலையில் ஓடி, இப்போது கால் மடக்க முடியாமல் நீட்டி அமர்ந்திருக்கும் வீரர்களே, வீராங்கனைகளே. எஸ்டேட் வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லி வந்திருக்கும் என் தாய்மார்களே. கம்பளிக்குள் குழந்தையைப் பொத்திக்கொண்டு நிற்கும் தங்கைமார்களே. உங்கள் எல்லோருடைய பாதங்களுக்கும் என் முதல் வணக்கம். ஆம், பாதங்களுக்குத்தான். இன்றைக்கு அவைதானே உழைத்திருக்கின்றன?

வென்றவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். என்னை ஏன் அழைத்தார்கள்? போன ஆண்டு இதே நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில், எல்லோருக்கும் கடைசியாக வந்தவள் நான். என் பெயர் ராசாத்தி. கொட்டச்சேட்டுப் பக்கம் தபால் பட்டுவாடா செய்பவள். பத்தொன்பது ஆண்டுகளாக நான் நடக்காத பாதை இந்த மலையில் குறைவு. என் கால்தான் என் வேலை. என் வேலைதான் என் கௌரவம்.

அந்தக் காலுக்கு என்ன நேர்ந்தது?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மழையில் நான் வந்த ஷேர் ஜீப் வழுக்கிக் கவிழ்ந்தது. பத்துப் பேர் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். நான் எழவில்லை. வலது தொடை எலும்பு இரண்டாகியிருந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். கம்பியோடு நடக்கப் பழகினேன், நொண்டித்தான். அடுத்த மழைக்குள் உண்ணிக் காய்ச்சல் வந்தது. அது நுரையீரலில் ஏறியது. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். தொண்டையில் குழாய். பன்னிரண்டு நாள் எனக்கு நினைவே இல்லை.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் எங்கே இருந்தேன்? கட்டிலில் கிடந்தேன் என்கிறது மருத்துவமனைச் சீட்டு. இல்லை என்கிறது மஞ்சக்குட்டை ஊர்.

ஐந்தாம் நாள் காலை என் வீட்டுக்காரர் செல்லப்பனுக்கு ஒரு போன். பேசியவர் மஞ்சக்குட்டை எஸ்டேட் வாட்ச்மேன் முனியப்பன்.

"ஏனுங்க, அம்மிணி எப்ப ஊட்டுக்கு வந்தாங்க? இப்பத்தான் எங்க கேட்டைத் தாண்டி ஓடுனாங்க. கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கலைங்க."

செல்லப்பன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நான் கிடந்த அறையின் கண்ணாடிக் கதவுக்கு ஓடினார். அவர் என்ன நினைத்து ஓடினார் என்று உங்களுக்குத் தெரியும். கட்டிலில் நான் இருந்தேன். மூச்சு இயந்திரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் போனில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நொண்டுனாளுங்களா?"

"இல்லீங்க. நொம்ப நல்லா ஓடுனாங்க."

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஐயா. பனியில் ஆள் மாறித் தெரியும் என்கிறீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். முனியப்பன் ஒருவர் சொல்லியிருந்தால் அதையே சொல்லிக்கொண்டிருப்பேன். நான் பிழைத்து வந்த பிறகு, மிளகு பறிக்கிற பெண்கள் இருவர் சொன்னார்கள். பால் வண்டிக்காரர் சொன்னார். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாதவர்கள் ஒரே மாதிரி சொன்னார்கள்: ஓடினாள், திரும்பவில்லை, நொண்டவில்லை.

அலுவலகத்தில் என்னை உள்ளே உட்கார்த்தி முத்திரை குத்தச் சொன்னார்கள். இரக்கத்தால்தான். அந்த இரக்கம் என்னை அரித்தது. மறுபடி நடந்தேன். நடந்து நடந்து ஓடினேன். முதலில் நூறு அடிக்கு ஒருமுறை இருமினேன். பிறகு ஆயிரம் அடிக்கு ஒருமுறை இருமினேன். பதினான்கு மாதம் கழித்து இந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். நெஞ்சில் குத்திக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். எண் இருநூற்றுப் பதினேழு.

விடிந்ததும் ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டோம். சற்று நேரத்தில் என்னைத் தவிர எல்லோரும் முன்னே போய்விட்டார்கள். பதினெட்டாம் கிலோமீட்டரில், கொட்டச்சேட்டில், தண்ணீர் கொடுக்க ஆஷ்லின் என்ற கல்லூரிப் பெண் நின்றிருந்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"அக்கா, இப்பத்தானே தண்ணி வாங்கிட்டுப் போனீங்க?"

"நான் இப்பத்தான் வர்றேன் கண்ணு."

அவள் தன் தாளைக் காட்டினாள். இருநூற்றுப் பதினேழுக்கு நேராக, பத்து நிமிடத்துக்கு முன்பே ஒரு குறி விழுந்திருந்தது.

அன்பர்களே, என்ன செய்திருப்பீர்கள் நீங்கள்? அஞ்சித் திரும்பியிருப்பீர்களா? நான் அஞ்சவில்லை. அதுதான் அச்சம் தர வேண்டிய செய்தி. எனக்குள் எழுந்தது ஆசை. எனக்கு முன்னே ஒருத்தி ஓடுகிறாள். கம்பியில்லாத காலோடு, கறையில்லாத நுரையீரலோடு, கவிழாத ஜீப்பிலிருந்து இறங்கியவளாக ஓடுகிறாள். அவள் எனக்கு வேண்டும். எட்டிப் பிடித்தால் அவளாகிவிடலாம். இப்படித்தான் தோன்றியது எனக்கு.

வேகம் கூட்டினேன். மஞ்சக்குட்டையில் முனியப்பன் கேட்டருகே நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு, எனக்கு முன்னே யாரோ போனதுபோல, நான் போகிற வழியைப் பார்த்தார்.

"அம்மிணி, போவாதீங்க. நில்லுங்க."

நிற்கவில்லை. பனி கெட்டியானது. சாலையின் வெள்ளைக் கோடு மட்டும் காலடியில் தெரிந்தது. பறவைச் சத்தம் நின்றது. பிறகு கேட்டது, முன்னால், காலடிச் சத்தம். தட், தட், தட். சீரான, சுகமான, செழுமையான காலடி. பத்தொன்பது வருடம் நான் கேட்ட என் காலடி. என் காலோ தட், சரக், தட், சரக்.

முப்பதடி தூரத்தில் முதுகு தெரிந்தது. என் உயரம். என் கொண்டை. அவள் திரும்பவில்லை. நான் நெருங்க நெருங்க அவளும் வேகம் கூட்டினாள். மூச்சு முட்டியது. "நில்லு" என்றேன். சாலை இடப்பக்கம் வளைந்தது. அவள் வளையவில்லை. நேராகப் போனாள். நானும் நேராகப் போனேன்.

கம்பி வைத்த கால் பிடித்துக்கொண்டது.

கல்லாய் இறுகி, என்னைக் குப்புறத் தள்ளியது. இரண்டு கையும் முன்னே ஊன்ற நீண்டன. இடக்கை சரளையில் பட்டது. வலக்கை எதிலும் படவில்லை. அங்கே தரை இல்லை. மழையில் தடுப்புச் சுவரோடு சேர்ந்து சாலையோரமும் சரிந்திருந்தது.

அப்படியே கிடந்தேன். கீழே, வெறும் பனிக்குள், காலடிச் சத்தம் கேட்டது. விழுந்த சத்தமில்லை, அலறலில்லை. தட், தட், தட். ஓட்டம் நிற்கவே இல்லை. தேய்ந்து தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, நான் சபித்த, நான் சகித்த, நான் வெளியே காட்ட வெட்கப்பட்ட என் வலது தொடையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அழுதேன்.

எழுந்தேன். மிச்சம் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது. பாதி ஓடினேன், பாதி நடந்தேன். ஏரிக்கரைக்கு வந்தபோது பந்தல் பிரித்தாயிற்று, கயிறு சுருட்டியாயிற்று. நேரம் குறிக்கும் ஏசுராஜ் அண்ணன் மட்டும் மேசையோடு இருந்தார். அவர் பக்கத்தில் செல்லப்பன்.

"அண்ணா, எரநூத்திப் பதினேழு வந்தாச்சுங்களா?" என்று கேட்டேன். பதிலைக் கேட்கும்வரை நான் முடிவுக் கோட்டைத் தாண்டவில்லை.

அவர் ஏட்டைப் பார்த்தார். "இல்லீங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கறோம்."

அவையோரே, 'உங்களுக்காகத்தான்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக நான் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன்.

இந்தக் கூட்டத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்கள். நோய் தின்றதுபோக மிஞ்சியவர்கள் இருக்கிறீர்கள். என்றாவது ஒரு காலை, நோய்க்கு முந்தைய நீங்கள் உங்களுக்கு முன்னால் ஓடுவதைக் காண்பீர்கள். அழகாக இருக்கும் அந்த ஓட்டம். ஆசையாக இருக்கும் அதன் பின்னால் போக. போகாதீர்கள். அதற்குச் சாலை வேண்டாம், உங்களுக்கு வேண்டும். அதற்காக ஏரிக்கரையில் யாரும் காத்திருக்கவில்லை, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். நொண்டுங்கள், இருமுங்கள், உட்காருங்கள், மறுபடி எழுங்கள். ஆனால் வளைவில் வளையுங்கள்.

அந்த நாளுக்குப் பிறகு யாரும் அவளைப் பார்க்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், சில காலைகளில் எனக்கு அவள் ஞாபகம் வருகிறது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். ஆம், பட்டுவாடா வேலையைத் திரும்பக் கேட்டு வாங்கிவிட்டேன்.

பேச இடம் தந்த தலைவருக்கும், வெயில் இல்லாத நாளில் இவ்வளவு நேரம் குளிரில் அமர்ந்து கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சின் நன்றி. இறங்கும்போது பார்த்துப் போங்கள்; பனி கெட்டியாகிக்கொண்டிருக்கிறது. வணக்கம்.