கயிற்றின் மறுமுனை

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சங்கரலிங்கம் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வாத்தியாரின் துணைவியார் பிலோமி அம்மா அவர்களே, தறியை நிறுத்திவிட்டும் காட்டுவேலையை விட்டுவிட்டும் வந்திருக்கும் ஊராரே!

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் கணக்கு வாத்தியார் வேதமுத்து அவர்களைத் தியாகி என்றார்கள். தியாகியா? அவரைத் தண்ணீரில் இறக்கியது நாம் அல்லவா! கயிறு கொடுத்தவன் இந்தச் சென்னய்யா, நான் அல்லவா!

இந்த ஓடைக்குப் பாலம் வேண்டுமென்று அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடையாய் நடந்தவர் யார்? வேதமுத்து வாத்தியார். பாலத்துக்குப் பனைமரம் அறுக்க ஓடையின் அகலம் தெரிய வேண்டும். ஓடையிலோ வெள்ளம். அவர் இந்தக் கரையில் இரண்டு முளை அடித்தார். ஒன்று, மறுகரைப் பனைக்கு நேர் எதிரே. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தார். ஒவ்வொரு முளையிலும் நின்று அந்தப் பனையைப் பார்த்துக் கோணம் எடுத்தார்.

"ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் கைக்கு வந்திருச்சு. முக்கோணத்துல மத்த ரெண்டு பக்கமும் எங்க ஓடி ஒளியும்? ஓடை முப்பத்தோரு அடிப்பா!" என்று சிரித்தார்.

நாமும் சிரித்தோம். நம்முடையது கேலிச் சிரிப்பு.

"வாத்தியாரே, கயித்துக்கு ரெண்டு முனையிலயும் ஆளு நிக்கணும்ல? காட்டுக்கு எல்லை போட்டாலும் அதான வழக்கம்? கால் படாம ஒரு அளவா?" என்று கேட்டவன் நான். மரம் எட்டாமல் போனால் வெட்டிய பனையெல்லாம் வீண் என்ற பயம். பயம் நியாயம்தான். இரண்டு மூன்று நாள் பொறுக்க முடியவில்லையே! நம் ஓடையில் என்றைக்கு ஐயா தண்ணீர் தங்கியிருக்கிறது?

"சரிப்பா, அந்தக் கரையில நானே போயி நிக்கிறேன்" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதி ஓடையில் கயிறு என் கையை வெடுக்கென்று இழுத்தது. அப்புறம் இழுக்கவில்லை.

நேற்று ஓடை வற்றிவிட்டது. நாலு பேர் கயிறோடு மணலில் இறங்கினார்கள், வாத்தியார் சொன்ன அகலம் சரிதானா என்று பார்க்க! "ஏலே, மேல ஏறுங்கலே!" என்று கத்தினேன். அன்றைக்கு இந்தத் தொண்டை எங்கே போயிருந்தது?

அவர் சொன்ன அகலத்தை வைத்தே மரம் அறுப்போம். இனி யாரும் அளக்கக் கூடாது. எட்டாவிட்டால் என்னைக் கேளுங்கள். எட்டும்!

பிலோமி அம்மா, கல்லறைத் தோட்டம் மறுகரையில் இருக்கிறது. பாலத்தில் முதலில் நீங்கள்தான் நடக்க வேண்டும். மாட்டேன் என்றால் வற்புறுத்த எங்களுக்கு வாயில்லை. மறுமுனையில் ஆள் வேண்டும் என்று கேட்டோமே, அம்மா, அந்த ஆள் இப்போது அங்கேதான் இருக்கிறார்.